கிருபை என்றால் என்ன? இரக்கமும் அதுவும் ஒன்றுதானா?

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்ற பேச்சை வீட்டில் கேட்காத நாள் கிடையாது. ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பிடிபட்டது கல்லூரி இரண்டாம் வருடத்தில்தான்.

பரீட்சைக் கட்டணத்துக்கு அத்தை கொடுத்த பணத்தை நண்பர்களோடு கொடைக்கானல் போய்ச் செலவழித்துவிட்டேன். கடைசித் தேதிக்கு முந்தின நாள் அழுதுகொண்டே போய் நின்றேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பணம் கையில் இருந்தது, இடது கையில் வளையல் இல்லை. வளையல் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. "சாப்ட்டியாலே?" என்றார். அவ்வளவுதான்.

திட்டாமல் விட்டிருந்தால் அது இரக்கம். தப்பு செய்தவனுக்கு மேற்கொண்டு வளையலையும் அடகு வைத்தாரே, அதுதான் கிருபை. பைபிளில் எபேசியர் 2:8 அதை 'தேவனுடைய ஈவு' என்கிறது. வாங்குகிறவனுக்குத்தான் அது இலவசம், கொடுக்கிறவருக்கு அல்ல. அந்த வளையல் கடைசியில் மூழ்கியே போனது.

வள்ளுவரும் இதைத் தொட்டிருக்கிறார். அன்புடைமையை இல்லறவியலில் வைத்தவர், அருளுடைமையைத் துறவறவியலின் முதல் அதிகாரமாக வைக்கிறார். 757-வது குறளில் அருளை அன்பு பெற்ற குழந்தை என்று சொல்லிவிட்டு, அதை வளர்க்கும் செவிலி பொருள் என்கிறார். வளையலை நினைக்காமல் அந்தக் குறளை என்னால் படிக்க முடிவதில்லை.

சரி, கிருபை கிடைத்ததும் குணம் மாறிவிடுமா? எனக்கு உடனே மாறவில்லை. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் கடல் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டவர். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். அத்தனை வருடம் பிடித்தது. அதற்குள் எத்தனை பேர் அந்தக் கப்பல்களில் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனது கனக்கிறது. கிருபை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அது உள்ளே இறங்க நாளாகிறது.

குணத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க நான் கண்ட ஒரே அடையாளம், சொல்லிக்காட்டாமல் இருப்பது. அக்கா கல்யாணத்தில் யார் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று சொந்தக்காரர்கள் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன மாதம் தம்பி மகனுக்கு ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஏதோ கோபத்தில் என்னை எதிர்த்துப் பேசினான். "அந்த ஃபோன் யார் வாங்கிக் கொடுத்தது?" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டேன். அத்தை பதினெட்டு வருடமாக அடக்கிக்கொண்டிருக்கிறார்.