புது எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் எவ்ளோ தூரம் எட்டும்? கேட்டவங்களுக்கு என் பதில்

டவர், கேபிள், ஆன்டெனான்னு ரொம்ப வருஷம் வேலை பாத்தவன் நான். ரேடியோ சிக்னல் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, வந்த வரிசையிலயே சொல்றேன்.

நம்ம சிங்கப்பூர் பொங்கோல்ல இருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, எங்க அக்கா அமெரிக்கால நியூ ஜெர்சியில இருக்காங்க. அங்க ஒரு ஏஎம் ஸ்டேஷன் புதுசா 250 வாட்ல எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் போட்டிருக்காங்க. மேப்ல பெரிய வட்டம் காட்டுறாங்க, ஆனா 9 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அக்கா வீட்டுல ஒரே கொரகொரன்னு இருக்கு. ஏன்?

டிரான்ஸ்லேட்டர்னா சொந்தமா நிகழ்ச்சி நடத்துற ஸ்டேஷன் இல்லம்மா, இன்னொரு ஸ்டேஷன் குடுக்கிறத வாங்கி வேற அலைவரிசையில திருப்பி விடுறது, அவ்ளோதான். அமெரிக்கால அதுக்கு 250 வாட்தான் உச்சம், அதுக்கு மேல குடுக்க மாட்டாங்க. அங்கயே 100 வாட் சின்ன ஸ்டேஷன்னு இன்னொரு வகை இருக்கு, 30 மீட்டர் உயரத்துல ஆன்டெனா வெச்சா சுத்தி சுமார் 5.6 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் நல்லா கேக்கும்னு ஒலிபரப்பு லைசன்ஸ் குடுக்கிற அவங்க அரசு அமைப்பு எஃப்சிசியே கணக்கு சொல்லுது. அதே உயரத்துல 250 வாட்னா ஏழு கிலோமீட்டர் வரும்னு வெச்சுக்குங்க. வாட்ட ரெண்டரை மடங்கு ஏத்தியும் தூரம் ஒண்ணரை கிலோமீட்டர்தான் கூடுது பாத்தீங்களா, ஏன்னா சிக்னல் பலம் ரெண்டு மடங்கு ஆகணும்னா பவர நாலு மடங்கு ஏத்தணும். அக்கா வீடு அந்த ஓரத்துக்கு வெளிய இருக்கு. கார் ரேடியோல கேக்கலாம், வீட்டுக்குள்ள சின்ன ரேடியோல கஷ்டம்.

இன்னொண்ணும் இருக்கு. டிரான்ஸ்லேட்டருக்கு அங்க ரெண்டாம் இடம்தான், பெரிய ஸ்டேஷனுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது. அதனால பல இடத்துல ஒரு பக்கம் சிக்னல் கம்மியா போற மாதிரி ஆன்டெனாவ அடக்கி வெச்சிருப்பாங்க. அக்கா வீடு அந்தப் பக்கமா இருந்தா வட்டமெல்லாம் பேச்சுக்குத்தான். ஆனா அந்த ஸ்டேஷன்காரங்கள குறை சொல்ல மாட்டேன், பொழுது சாஞ்சதும் பவர குறைக்கணும், இல்ல மூடியே ஆகணும்னு இருக்கிற ஏஎம் ஸ்டேஷன்கள் அங்க நிறைய. 2009க்கு அப்புறம் எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் கெடச்சதாலதான் அவங்கள்ல பலர் ராத்திரியும் ஊரு மக்களுக்குப் பேச முடியுது.

ஈசூன் தம்பி: அப்போ வாட் முக்கியமா, உயரம் முக்கியமா?

உயரம், தம்பி. எஃப்எம் அலை கிட்டத்தட்ட கண்ணு பாக்கிற மாதிரி நேராத்தான் போகும், பூமி வளைஞ்சா அதுக்கு அப்பால இறங்காது. ஆன்டெனா உயரத்த மீட்டர்ல எடுத்து வர்க்கமூலம் போட்டு 4.12ஆல பெருக்குங்க, அடிவானம் எத்தனை கிலோமீட்டர்னு வரும். 30 மீட்டருக்கு 22 சொச்சம், 120 மீட்டருக்கு 45. இது எல்லைதான், அதுவரைக்கும் தெளிவா கேக்கும்னு அர்த்தம் இல்ல. ஆனா காசு கொஞ்சமா இருந்தா டிரான்ஸ்மிட்டர்ல போடாதீங்க, டவர்ல போடுங்கன்னு நான் எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

தெம்பனிஸ்ல இருந்து ஒரு அம்மா: நம்ம ஊர்ல தமிழ் ஸ்டேஷன் ஒலி 96.8க்கு டிரான்ஸ்லேட்டர் எல்லாம் வேணாமா? எங்க ரெண்டாவது மாடில அடுக்களையில மட்டும் சரியா வராது.

நம்ம தீவு கிழக்கு மேற்கா சுமார் 50 கிலோமீட்டர்தான் அம்மா, புக்கிட் பாத்தோக் மேட்டுல இருந்து விட்டா போதும், ஊரே கேக்குது. உங்க பிரச்சனை தூரம் இல்ல, கான்கிரீட்டும் அதுக்குள்ள இருக்கிற கம்பியும். கீழ் மாடியில எதிர் புளோக் வேற மறைக்கும். எங்க வீட்டுலயும் ஃப்ரிட்ஜ் மேல ரேடியோ வெச்சப்ப இரைச்சல், அதையே எடுத்து ஜன்னல் ஓரம் அரிசி டப்பா பக்கத்துல வெச்சேன், பளிச்சுன்னு ஆயிடுச்சு. நீங்களும் ஒரு முழம் ஒரு முழமா நகத்திப் பாருங்க. பக்கத்துல எல்இடி லைட்டு, போன் சார்ஜர் இருந்தா அணைச்சுப் பாருங்க, பாதி இரைச்சல் அதுங்களாலதான். மோனோ பட்டன் இருந்தா அமுக்குங்க, ஸ்டீரியோவுக்கு இன்னும் நல்ல சிக்னல் வேணும், பேச்சு கேக்க அது எதுக்கு.

டாக்ஸி ஓட்டுற அண்ணன்: சிவப்பு விளக்குல நின்னா இரையுது, ரெண்டு அடி நகந்தா தெளிவாயிடுது. ரேடியோ கோளாறா?

இல்லண்ணே, ரேடியோ நல்லாத்தான் இருக்கு. நேரா வர்ற அலையும் கட்டடத்துல பட்டு வர்ற அலையும் சில இடத்துல ஒண்ண ஒண்ணு அடிச்சிடும். 96.8ல ஒரு அலையோட நீளம் சுமார் 3 மீட்டர், அதனால கொஞ்சம் நகந்தாலே அந்தக் குழிய தாண்டிடலாம்.

உட்லண்ட்ஸ்ல இருந்து ஒருத்தர்: வடக்குப் பக்க ரூம்ல மலேசியா ஜொகூர் ஸ்டேஷன் வந்து நம்ம ஸ்டேஷன முழுங்கிடுது.

ஒரே அலைவரிசையில ரெண்டு வந்தா பலமானத மட்டும் பிடிக்கிறது எஃப்எம்மோட குணம். தெற்குப் பக்க ஜன்னலுக்கு மாத்துங்க, சரியாகும்.

ஜூரோங் மாணவர்: ஒரு வாட் கிட் வாங்கி புளோக் முழுக்கப் பாட்டு விடலாமா?

வேணாம்பா. இங்க ஒலிபரப்ப கவனிக்கிற அரசு அமைப்பு ஐஎம்டிஏவோட லைசன்ஸ் இல்லாம ஒலிபரப்புனா குற்றம், ஒரு வாட்டா இருந்தாலும். ஆர்வம் இருந்தா அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுது, ஆன்டெனா பத்தி கத்துக்க அதைவிட நல்ல வழி இல்ல.

பொங்கோல் தங்கச்சி மறுபடி: அப்போ அக்கா இப்ப என்னதான் பண்றது?

75 சென்டிமீட்டர்ல ரெண்டு கம்பி, டி வடிவத்துல இருக்கிற டைபோல் ஆன்டெனா ரொம்ப மலிவு, அத வாங்கி ஸ்டேஷன் இருக்கிற பக்க ஜன்னல்ல ஒட்டச் சொல்லுங்க. ஸ்டேஷன்காரங்க பல இடத்துல அலைய செங்குத்தா அனுப்புவாங்க, அதனால படுக்க வெச்சும் நிமித்தி வெச்சும் ரெண்டு விதமா பாக்கணும். அப்புறம் ஒரு வாரம் நோட்டுல எழுதணும்: எந்தத் தெரு முனை, எத்தனை மணி, காரா வீடா, சுத்தமா கொரகொரவா, மேல வேற ஸ்டேஷன் ஏறுதா. அத அப்படியே ஸ்டேஷன் இன்ஜினியருக்கு அனுப்பணும். புதுசா போட்டவங்களுக்கு அந்த ஒரு தாள் தங்கம் மாதிரி, அவங்க மேப்ல தெரியாததெல்லாம் அதுலதான் இருக்கும்.