பிரிட்டிஷ் பாப் பாடகர்-பாடலாசிரியர்களில் உங்களை மிகவும் கவர்ந்தவர் யார்? ஏன்?

கேட் புஷ் என்பதே என் பதில். ஒரு பாட்டு எப்போது முடிந்தது, எந்த உருவில் வெளிவர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைப் பத்தொன்பது வயதிலேயே கையில் எடுத்துக்கொண்டு, மிகச் சில தருணங்களைத் தவிர இன்றுவரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் அவர். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான் என்பதால் மற்றவற்றையும் இதைச் சுற்றியே சொல்கிறேன்.

1958 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள பெக்ஸ்லிஹீத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் அயர்லாந்திலிருந்து வந்த செவிலியர். வெல்லிங் என்ற ஊரில் ஈஸ்ட் விக்கம் பண்ணை எனப்பட்ட பழைய வீட்டில், கவிதையும் நாட்டுப்புற இசைக்கருவிகளுமாக வாழ்ந்த இரண்டு அண்ணன்களுக்குப் பின்னால் வளர்ந்த அவர், சிறுமியாக இருக்கும்போதே பியானோவில் அமர்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். வீட்டில் பதிவு செய்த நாடாக்கள் ஒரு குடும்ப நண்பர் வழியாக 'பிங்க் ஃபிளாய்ட்' ராக் குழுவின் டேவிட் கில்மோரிடம் போய்ச் சேர்ந்தன. கில்மோர் தன் கைப்பணத்தைச் செலவழித்து, 1975இல் லண்டனில் முறையான ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தபோது கேட்டுக்கு வயது பதினாறு. அதன் பிறகு ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் உடனே இசைத்தட்டு போடும்படி அவசரப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில் அவர் நடனக் கலைஞர் லின்ட்சே கெம்ப்பிடம் நடனமும் அபிநயமும் கற்றார், ஒரு சிறு குழுவோடு மதுக்கூடங்களில் பாடினார். கலைஞருக்குக் காலம் எவ்வளவு அவசியம் என்பதை அந்த ஆண்டுகளே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் பாட்டாக எதை வெளியிடுவது என்பதிலேயே நிறுவனத்தோடு கருத்து வேறுபாடு எழுந்தது. நிறுவனத்தார் ஒரு ராக் பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேட் புஷ்ஷோ, எமிலி பிரான்டேயின் நாவலை வைத்துத் தான் எழுதிய 'வதரிங் ஹைட்ஸ்' பாட்டுத்தான் முதலில் வர வேண்டும் என்று உறுதியாக நின்றார். இறந்துபோன நாவலின் நாயகி கேத்தி, காதலனின் சன்னலுக்கு வெளியே நின்று, குளிர்கிறது, உள்ளே விடு என்று கெஞ்சும் பாட்டு அது. மனிதக் குரலாகத் தோன்றக் கூடாது என்பதற்காகவே போல, எட்டாத உச்சியில் தொடங்கி அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும் அந்தக் குரலை வானொலியில் முதன்முறை கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். அட்டைப் படம் பிடிக்கவில்லை என்று அவர் மறுத்ததும் சேர்ந்து வெளியீடு தள்ளிப்போய், 1978 ஜனவரியில்தான் பாட்டு வந்தது. மார்ச்சில் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்து, நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தது. தானே எழுதிய பாட்டோடு ஒரு பெண் அந்நாட்டில் முதலிடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

1979இல் அவர் நடத்திய ஒரே ஒரு இசைப்பயணத்தில் பாட்டும் நடனமும் ஒன்றாகவே நடந்தன. ஆடிக்கொண்டே பாடக் கைகள் விடுபட வேண்டும். அதற்கேற்ற ஒலிவாங்கி அப்போது கடையில் கிடைக்காது. அவருடைய ஒலிப் பொறியாளர், சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் பொருத்தி, வாய்க்கு எதிரே ஒலிவாங்கி நிற்கும்படி செய்துகொடுத்தார். இன்று மேடை நடனப் பாடகர்கள் பலரும் அணிவது அந்த வகைக் கருவியைத்தான். ஆனால் பயணத்தின் தொடக்கத்திலேயே விளக்கமைப்பாளர் பில் டஃபீல்ட் அரங்கில் தவறி விழுந்து உயிரிழந்தார். மே மாதம் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பயணம் முடிந்தது. அதற்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அப்படியொரு நிகழ்ச்சியை நடத்தவில்லை.

மேடையை விட்டு விலகியவர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் இன்னும் ஆழமாகப் போனார். ஆஸ்திரேலியாவில் தயாரான 'ஃபேர்லைட்' என்ற கணினி இசைக்கருவியைப் பாடகர் பீட்டர் கேப்ரியல் வழியாக அறிந்துகொண்டார். எந்த ஒலியையும் பதிவு செய்து அதை விசைப்பலகையில் சுரங்களாக வாசிக்கலாம் என்பது அதன் புதுமை; 1980இல் வந்த 'பபூஷ்கா' பாட்டில் கண்ணாடி நொறுங்கும் ஓசை அப்படித்தான் வந்தது. 1982இல் முழுக்கத் தானே தயாரித்த 'த ட்ரீமிங்' தொகுப்புக்காகக் கூடம் கூடமாக மாறி மாதக்கணக்கில் உழைத்தார். வாடகைக் கூடத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். தொகுப்பு முந்தையவை அளவுக்கு விற்கவில்லை, நிறுவனத்துக்கு மனக்குறை. இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் தயாரிப்பாளர் ஒருவரை ஏற்றுக்கொண்டு பணிந்து போயிருப்பார். கேட் புஷ் 1983இல் தன் பெற்றோரின் பண்ணைக் கொட்டகையில் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் கட்டிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையின் மிகத் துணிச்சலான செயல் என்று நான் கருதுவது இதைத்தான். அதன் பிறகு பார்த்துப் பதற வேண்டிய கடிகாரம் எதுவும் சுவரில் இல்லை.

அந்தக் கொட்டகையில் பிறந்ததுதான் 1985இல் வந்த 'ஹௌண்ட்ஸ் ஆஃப் லவ்' தொகுப்பு. அதன் முதல் பாட்டு 'ரன்னிங் அப் தட் ஹில்'. ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலாமல் தவிக்கும்போது, கடவுளோடு ஓர் ஒப்பந்தம் செய்து, அவன் இடத்தில் அவளும் அவள் இடத்தில் அவனும் நிற்க முடிந்தால் எப்படியிருக்கும் என்று கேட்கும் பாட்டு. 'கடவுளோடு ஓர் ஒப்பந்தம்' என்பதே அவர் வைத்திருந்த தலைப்பு. சமயப்பற்று மிகுந்த நாடுகளின் வானொலிகள் ஒலிபரப்பாமல் போகலாம் என்று நிறுவனத்தார் அஞ்சியதால் அதை மாற்றச் சம்மதித்தார். அவர் விட்டுக்கொடுத்த மிகச் சில தருணங்களில் இதுவும் ஒன்று.

பிந்தைய ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1989இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலிலிருந்து சில வரிகளைப் பாட அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. தன் சொற்களால் நிரப்பிப் பாடினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அனுமதி கிடைத்ததும், 2011இல் அதே மெட்டை ஜாய்ஸின் சொற்களோடு மறுபடி பதிவு செய்தார். 1993இல் வந்த தொகுப்பு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் புதிய தொகுப்பு இல்லை. பத்திரிகைகள் அவரைத் தனிமையில் பூட்டிக்கொண்ட மர்மப் பெண்ணாகச் சித்திரித்தன. தாயை இழந்த துயரிலிருந்து மீண்டு, 1998இல் பிறந்த மகனை அருகிருந்து வளர்த்த ஒரு தாயின் சாதாரண வாழ்க்கைக்கு அந்தச் சித்திரிப்பு இழைத்த அநீதியை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2014இல் அதே ஹேமர்ஸ்மித் அரங்கில், பதினாறு வயது மகனும் உடன் நடிக்க, இருபத்திரண்டு இரவுகள் மேடையேறினார். நுழைவுச்சீட்டுகள் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன.

2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டைக் கேட்டுவிட்டு வந்த என் மகள், "அம்மா, இது யாரோட புதுப் பாட்டு?" என்று கேட்டாள். அந்த ஜூன் மாதம், வெளிவந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. பாட்டில் எதையும் மாற்றவில்லை, புதிதாக எதையும் சேர்க்கவில்லை. 1985இல் கொட்டகையிலிருந்து வெளிவந்த அதே பதிவுதான் அது.

நீங்கள் புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால், 'ஹௌண்ட்ஸ் ஆஃப் லவ்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் உள்ள ஏழு பாட்டுகளை இரவில், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, நிறுத்தாமல் கேளுங்கள். நடுக்கடலில் உயிர்காப்புச் சட்டையில் ஒரு சின்ன விளக்கோடு மிதக்கும் பெண்ணின் ஓர் இரவு அது. தூங்கினால் மூழ்கிவிடுவாள், எழுப்புவதற்குக் குரல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. வீட்டில் காத்திருப்பவனைத் தன் கண்ணால் பார்க்கிறாள், அவனுக்கோ அவள் தெரியவில்லை. பின்னாளில் கிழவியாகப் போகும் அவளே எதிரே வந்து, நீ வாழ்ந்தால்தானே நான் இருப்பேன் என்று உயிரைக் கேட்கிறாள். கடைசிப் பாட்டில் பனிமூட்டம் விலகி விடிகிறது. தாயிடமும் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறேன் என்று சொல்லப் போவதாக அவள் பாடுகிறாள்.