ஹட்டன் குளிரில் கடதாசிப்பூ ஏன் பூக்கவில்லை?

கேள்வி: ஐயா, போன வருடம் நானும் பதுளையில் இருக்கும் அக்காவும் கண்டியில் ஒரே கன்றுத் தவறணையில் ஆளுக்கு மூன்று போகன்வில்லா, அதுதான் கடதாசிப்பூ, வாங்கினோம். ஊதா, செம்மஞ்சள், அடுக்கு ரோஸ். வாங்கும்போது நிறையப் பூ. ஹட்டனுக்குக் கொண்டுவந்து இரண்டு கிழமையில் எல்லாம் கொட்டிவிட்டது, அதற்குப் பிறகு இலையும் முள்ளும்தான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், தேயிலைக்குப் போடும் பசளையும் மாதம் ஒரு பிடி போடுகிறேன். அக்கா வீட்டில் மதிலே தெரியாத அளவுக்குப் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இது ஆண் கன்று, பிடுங்கிப் போடு என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: பிடுங்காதீர்கள் தங்கச்சி. போகன்வில்லாவில் ஆண் கன்று என்று ஒன்று இல்லை, ஒரே பூவுக்குள் இரண்டும் இருக்கும். நாம் பூ என்று சொல்கிற அந்தக் கலர்க் கடதாசி உண்மையில் இலைதான். மூன்று கலர் இலைகளுக்கு நடுவில் சின்னக் குழல் மாதிரி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பூ. கொட்டிப்போனதற்கும் பயப்பட வேண்டாம். வேர் அசைந்து, இடமும் மாறினால் இந்தச் செடி முதலில் பூவைத்தான் உதிர்க்கும்.

உங்கள் கன்றுக்கு நோய் எதுவும் இல்லை, கவனிப்புத்தான் கூடிப்போய்விட்டது. இது தென் அமெரிக்காவின் வெயிலில் வளர்ந்த கொடி. 1760களில் கப்பலில் உலகத்தைச் சுற்றிய பிரெஞ்சுக்காரர் பூகன்வில் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள், அவரோடு போன தாவரவியலாளர் பிரேசிலில் கண்டெடுத்த செடி. வயிறு நிறையச் சாப்பாடும் தண்ணீரும் கிடைத்தால் இது இலையாகவே வளர்ந்துகொண்டு போகும், கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்க நினைக்கும். தேயிலைப் பசளை கொழுந்துக்காகக் கலந்தது, அதில் யூரியாதான் கூட. கொழுந்துக்குப் போடுவதைப் போட்டால் கொழுந்துதான் வரும். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அக்காவோடு ஒப்பிட்டு மனம் நோகவும் வேண்டாம். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரம், ஹட்டன் 1,270 மீற்றர். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழையில்லாத காய்ச்சல் காலம், அதே நேரம் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் ஊற்றும். நம் மலைநாட்டில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை, அதனால் பகல் குறைவதைப் பார்த்து இங்கே செடி பெரிதாகப் பூத்துவிடாது. காய்ச்சல்தான் அதை எழுப்பும். உங்களுக்கு அந்தக் காய்ச்சல் ஜனவரி முதல் மார்ச் வரை. வருடம் முழுக்கப் பூக்க வேண்டும் என்று ஆசைப்படாமல் அந்த மூன்று மாதத்தைக் குறிவைத்து வேலை செய்யுங்கள்.

ஒக்டோபர் கடைசியில் கவ்வாத்து. புதுக் கிளையில்தான் பூ வரும், அதனால் நீண்டு போன கிளையெல்லாம் மூன்றில் ஒரு பங்கு குறையட்டும், உள்ளே நெரிந்து கிடக்கும் மெல்லிய கிளைகளை அடியோடு எடுங்கள். தேயிலை மாதிரி மட்டமாக வெட்டிவிடக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள் குத்தினால் சீழ் வைக்கும். குளிரில் துளிர் மெதுவாகத்தான் வரும், எட்டுப் பத்துக் கிழமை பொறுக்க வேண்டும். ஜனவரியில் மழை விட்டதும் தண்ணீரைக் குறையுங்கள். குறைப்பது என்றால் தினமும் அரைப் போத்தல் ஊற்றுவது இல்லை, இலை லேசாகத் தொங்கும்வரை ஒன்றுமே ஊற்றாமல் இருந்துவிட்டு, தொங்கின அன்று சாடியின் அடித்துளையால் வழியும்வரை ஊற்றுவது. பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் மூன்று நான்கு கிழமை இப்படியே செய்யுங்கள். நுனியில் கலர் தெரிந்ததும் வழமைபோலத் தண்ணீர் கொடுக்கலாம், அப்போதும் காயப்போட்டால் வந்த மொட்டும் கொட்டிவிடும்.

அப்புறம் வெயில். ஐந்து ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாமல் எந்தப் பசளையும் உதவாது. உங்கள் பக்கம் பின்னேரமானால் பனிமூட்டம் இறங்கிவிடும், ஆகவே காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்துச் சுவரோரம் சாடியை வையுங்கள், சுவரில் ஏறும் சூடும் செடிக்கு நல்லது. சாடியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் துளை அடைபடாது. பெரிய சாடிக்கு மாற்ற அவசரம் வேண்டாம், வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால் மண் கட்டி உடையாமல் அப்படியே தூக்கி வையுங்கள், இதன் வேர் மிகவும் மெல்லியது.

தேயிலை மலை மண்ணை எடுத்துப் போட்டிருந்தால் அதில் புளிப்பு இதற்குக் கொஞ்சம் கூட. சாடிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்துவிடுங்கள். மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) எரித்த அடுப்புச் சாம்பல் வீட்டில் இருக்குமே, கவ்வாத்துக்குப் பிறகு மாதம் ஒரு சிறு பிடி தூவினால் பொட்டாசியமும் கிடைக்கும். டொலமைட் போட்ட மாதம் சாம்பல் வேண்டாம்.

மூன்றில் ஊதா முதலில் பூக்கும், குளிரையும் மழையையும் அதுதான் கூடத் தாங்கும். செம்மஞ்சளுக்கு வெப்பம் வேண்டும், சுவரோரத்தில் நல்ல இடத்தை அதற்குக் கொடுங்கள். அடுக்கு ரோஸ்தான் உங்களுக்குக் கஷ்டம். வாடின கடதாசி தானாக உதிராமல் கொத்தாகத் தொங்கும், மழையில் நனைந்து அழுகிவிடும், நீங்கள்தான் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். மே மாதம் அதைத் தூக்கி இஸ்தோப்புக் கூரைக்குக் கீழே வைக்க முடியாது என்றால் அக்காவிடமே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அவர் வீட்டில் அது சந்தோஷமாக இருக்கும், பதிலுக்கு ஊதாவில் தண்டு வாங்கிக்கொள்ளலாம்.

தண்டு பெப்ரவரி, மார்ச்சில் வையுங்கள். பென்சில் தடிப்பில், முற்றியும் முற்றாமலும், ஒரு சாண் நீளம். இலையைக் கிள்ளிவிட்டு ஆற்று மணலும் தும்புத்தூளும் கலந்த பையில் நட்டு, மேலே பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்கள். பதுளையில் இரண்டு மாதத்தில் வேர் விடும், உங்களிடம் இன்னும் கொஞ்சம் பிந்தும். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்க வேண்டாம், துளிர் வந்து நான்கு இலை விரிந்த பிறகு மூடியை எடுத்தால் போதும்.