142857க்கு மந்திரம் தேவையில்லை

கேள்வி: 142857ஐ 2 முதல் 6 வரை எந்த எண்ணால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள் வரிசை மாறாமல் சுழன்று வருகின்றன. 7ஆல் பெருக்கினால் 999999. இந்த எண்ணில் 3, 6, 9 மட்டும் இல்லை. அதுதான் பிரபஞ்ச ரகசியம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கணிதக்காரர்கள் ஏன் இதை மறைக்கிறார்கள்?

பதில்: யாரும் எதையும் மறைக்கவில்லை. தசமங்கள் எப்படிச் சுழல்கின்றன என்பதை ஜெர்மன் கணித மேதை கவுஸ் 1801இலேயே விளக்கி, அட்டவணையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒரு தாளில் 1ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். 0.142857142857 என்று போய்க்கொண்டே இருக்கும். 7ஆல் மீதியின்றி வகுபடாதபோது மீதி 1 முதல் 6 வரைதான் இருக்க முடியும். இங்கே மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 என்று ஆறும் ஒரு முறை வந்துவிட்டு மறுபடி 1க்குத் திரும்புகின்றன. 2ஐ 7ஆல் வகுப்பது என்றால், இதே சுற்றில் 2 என்ற மீதியிலிருந்து புறப்படுவது. அதனால்தான் 285714. மற்ற பெருக்கல்களும் அப்படியே.

இப்போது அந்த 3, 6, 9. ஒவ்வொரு இலக்கமும் 10, 20, 30, 40, 50, 60 ஆகியவற்றில் ஒன்றை 7ஆல் வகுத்துக் கிடைக்கும் ஈவு. அந்த ஈவுகள் 1, 2, 4, 5, 7, 8. வேறு இலக்கம் வர வழியே இல்லை. 0வும்தான் வரவில்லை! உங்களுக்கு வந்த செய்தி அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறது. 0வைச் சேர்த்தால் கதை நிற்காது என்பதே காரணம்.

இன்னொன்று. நாம் பத்து பத்தாக எண்ணுவதால்தான் 142857 கிடைக்கிறது. எட்டு எட்டாக எண்ணுகிறவர்கள் 1ஐ 7ஆல் வகுத்தால் புள்ளிக்குப் பின் 1, 1, 1 என்றே வரும். எண்ணும் முறையை மாற்றினால் காணாமல் போகும் ஒன்று பிரபஞ்ச ரகசியமாக இருக்க முடியாது.

ஆனால் வியப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பகா எண்ணும் 7ஐப் போல நடந்துகொள்வதில்லை. 13ஐ எடுங்கள்: 1ஐ அதால் வகுத்தால் 076923 என்று ஆறே இலக்கத்தில் சுற்று முடிந்துவிடுகிறது, பன்னிரண்டு மீதிகளில் பாதிதான் அதில் வருகின்றன. 2ஐ 13ஆல் வகுத்தால் 153846 என்று வேறொரு சுற்று. 17 மறுபடியும் 7இன் வழிக்கு வருகிறது: 0588235294117647. பதினாறு மீதிகளும் ஒரே சுற்றில்! 100க்குள் இப்படிப்பட்ட பகா எண்கள் ஒன்பது: 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97.

இவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? இருக்கும், எவ்வளவு அடர்த்தியாக வரும் என்றும் சொல்லலாம் என 1927இல் கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் கணித்தார். அவர் கணிப்புப்படி பகா எண்களில் ஏறக்குறைய 37 சதவீதம் இந்த வகை. பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு தொடர்புடைய, பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மையென்றால் இதுவும் உண்மை என்று 1967இல் ஹூலி என்ற கணிதவியலாளர் நிறுவினார். அந்தக் கருதுகோளே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 1986இல் ஹீத்-பிரவுன் என்ற இன்னொரு கணிதவியலாளர், பத்துக்குப் பதிலாக 2, 3, 5 ஆகியவற்றை அடியாகக் கொண்டு எண்ணினால் குறைந்தது ஒன்றிலாவது இத்தகைய பகா எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று எந்தக் கருதுகோளின் துணையும் இல்லாமல் காட்டினார். அது எந்த எண் என்று அவருடைய முறையால் சொல்ல முடியவில்லை. நாம் தினமும் எண்ணும் பத்துக்கோ, இன்றுவரை அப்படி ஒரு நிரூபணம் கிடையாது.