ஆப்பிரிக்காவில் பெண்கள் ஜூனியர் கால்பந்தை யாராவது பார்க்கிறார்களா?

ஆண்கள் ஆட்டம் மட்டும் பார்த்துப் பழகியவர் கேட்ட கேள்வி போலிருக்கிறது. தப்பில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

கானாவில் குமாசி நகரத்து மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2023 ஜூன் தொடக்கம். மேற்கு ஆப்பிரிக்கக் கால்பந்து சங்கத்தின் 'பி' பிரிவு நாடுகளுக்குள், 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கோப்பையை முதன்முறையாக நடத்தினார்கள். இறுதியாட்டம் எங்கள் ஊர் பாபா யாரா மைதானத்தில், கானாவுக்கும் நைஜீரியாவுக்கும். ஜொலோஃப் சோறு யார் வைத்தால் ருசி என்பதிலேயே இந்த இரண்டு நாட்டுக்கும் தீராத சண்டை. பந்து என்றால் கேட்கவே வேண்டாம்.

'சின்னப் பொண்ணுங்க ஆட்டம்தானே' என்று கிளம்ப மனசில்லை. லோடு ஏற்றும் பையன்தான் ட்ரோட்ரோ வேனில் ஏற்றி இழுத்துப் போனான். பக்கத்து இருக்கையில் சந்தையில் தக்காளி விற்கும் ஓர் அம்மா. நைஜீரியப் பெண் ஒருத்தி ஓரமாகப் பந்தோடு பாய்ந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தவர், பந்து வெளியே போகும்வரை விடவில்லை. நகம் பதிந்தது. நடுவரை ட்வி மொழியில் அவர் திட்டியதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது. கானா 2-1 என்று ஜெயித்தது. அந்த அம்மா கெலேவெலே (மசாலா போட்டுப் பொரித்த வாழைப்பழம்) பொட்டலத்தை என் மடியில் கொட்டிவிட்டு ஆடப் போய்விட்டார்.

நைஜீரியா லேசுப்பட்ட அணி இல்லை. இதே வயதுப் பிரிவில் 2010, 2014 உலகக் கோப்பைகளில் இறுதிவரை போனவர்கள். 2014இல் சிறந்த ஆட்டக்காரர், அதிக கோல் இரண்டுமே அவர்களுடைய அசிசாத் ஒஷோலாவுக்குத்தான். குமாசி ஆட்டத்துக்கு அடுத்த வருஷம், 2024இல், ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்திலும் இதே இரண்டு அணிகள், இதே 2-1, இதே கானா.

ஒரு மேட்சைப் பார்த்துவிட்டு ஒரு கண்டத்துக்கே பேசுகிறான் என்பீர்கள். சரி, லீக் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி சந்தோஷத்தில் ஊருக்குப் போன் போட்டேன். என் சித்தப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க சிங்கம் ரோட்டுக்கு வருமாடா?" என்றார். எட்டு வருஷமாக இதே கேள்வி. பணம் கேட்கும்போது மட்டும் சிங்கம் ஞாபகத்துக்கு வராது.