கனகாம்பரம் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்: கேள்வி பதில்

தஞ்சாவூர் வாசகி: அக்கா, மாமரத்தடியில் கனகாம்பரம் வைத்தேன். இலை பளபளவென்று இருக்கிறது, பூதான் இல்லை. நிழல் செடி என்றுதானே சொன்னார்கள்?

நிழல் செடிதாம்மா, ஆனால் இருட்டு ஆகாது. மாமர நிழல் ரொம்ப அடர்த்தி; அங்கே இலைதான் வளரும். தென்னந்தோப்பில் இதை ஊடுபயிராகப் போடுவார்கள். கீற்றுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு விழும், அந்த அளவு போதும். வீட்டில் என்றால் கிழக்குச் சுவர் ஓரம் வையுங்கள். காலை வெயில் படும், உச்சி வெயில் படாது.

மதுரை வாசகர்: நன்றாக இருந்த செடி மதியமானால் துவள்கிறது. தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. பூவும் சிறுத்துவிட்டது.

இனியும் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். மிகவும் வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் அங்கங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, அதாவது மண்ணில் இருந்து வேருக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. பயறுச் செடி வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சு உதிராது; வேரே வீங்கியிருக்கும். கனகாம்பரத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வேர்க் காயத்தின் வழியே வாடல் நோய்ப் பூஞ்சையும் நுழைந்துவிடும்.

நோய் முற்றிய செடியைக் காப்பாற்றுவது கடினம். வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போட வேண்டாம். தொட்டி மண்ணைச் சித்திரை வெயிலில் ஈரமாகப் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு மாதத்துக்கு மேல் மூடி வையுங்கள். தரையில் என்றால் அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேரில் ஊறும் பொருள் நூற்புழுவை அடக்கும். அடுத்து நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கத்தரி, தக்காளி, வெண்டை இருந்த மண்ணில் கனகாம்பரம் வைக்கவே கூடாது என்பேன். அவற்றுக்கும் இதே புழுதான்.

கோவை வாசகி: இளம் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லையா?

இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் உப்பாகவோ மண் சுண்ணாம்பாகவோ இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. வேர் கெட்டாலும் இலை மஞ்சளாகும், அதனால் வேரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சேலம் வாசகி: டெல்லி கனகாம்பரத்தில் விதையே வரவில்லையே, அக்கா?

வராது. அது குரோமோசோம் மூன்று தொகுதியாக உள்ள ரகம், விதை பிடிக்காது. பூக்கதிர் இல்லாத, பாதி முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஈர மணலில் ஊன்றுங்கள். நோயில்லாத தாய்ச்செடியாகப் பார்த்து எடுங்கள்.

நாட்டு ரகம் என்றால் விதை எடுக்கலாம். காய்ந்த கதிரில் ஈரம் பட்டால் காய் படக்கென்று வெடித்து விதை தெறித்துவிடும். மழைக்கு முன்னாலேயே கதிரை நறுக்கித் துணிப்பையில் கட்டி வையுங்கள். விதை வேண்டாதவர்கள், பூத்து ஓய்ந்த கதிரை உடனே வெட்டிவிடுங்கள்; பக்கக் கிளை விட்டு அடுத்த கதிர் சீக்கிரம் வரும்.