வர்த்தக சங்கத்தில் சேரலாமா? சாத்தூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் காராச்சேவு, மிக்சர் போட்டு பாக்கெட்டில் அடைத்து விற்கிறோம். என்னோடு சேர்த்து ஏழு பெண்கள் வேலை பார்க்கிறோம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறது. சென்னையில் சரக்கு எடுக்கும் ஒருவர் நான்கு மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் ஒரு கடைக்காரர் சரக்கு கேட்கிறார். ‘சேம்பரில் (வர்த்தக சங்கத்தில்) ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்புங்கள்’ என்கிறார். இந்த நேரத்தில் வர்த்தக சங்கத்தில் சேரச் சொல்லி ஆள் வந்தார்கள். நுழைவுக் கட்டணம், வருடச் சந்தா எல்லாம் உண்டாம். ‘பெரிய முதலாளிகள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் இடம் அது, நமக்கு எதுக்கு?’ என்கிறார் என் வீட்டுக்காரர். சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் எந்தச் சங்கத்தில், எதற்காக என்று தெரிந்துகொண்டு சேருங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பொன்னாடையோடு முடிந்துபோகிற சங்கங்களும் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காணும் வழியைப் பிறகு சொல்கிறேன். முதலில், நல்ல சங்கம் என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தென்மாவட்ட ஊர் ஒன்றில் வர்த்தக சங்கக் கூட்டத்துக்கு வரி ஆலோசகனாகப் போயிருந்தேன். உங்களைப் போலவே பலகாரம் போடும் ஒருவர், பின்வரிசையில் இருந்து எழுந்து முன்னால் வந்தார். மஞ்சள் பையில் இருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று செய்தித்தாளில் மடித்த சேவு, அதில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கியிருந்தது. இன்னொன்று பெயர் அச்சடித்து சீல் வைத்த பாக்கெட். ‘ரெண்டும் இன்னைக்குக் காலையில ஒரே சட்டியில எடுத்தது. இதுக்கு அஞ்சு பெர்சன்ட், இதுக்குப் பன்னிரண்டு. சுத்தமா பாக்கெட் போட்டு விக்கிறவனுக்கு ஏன் தண்டனை?’ என்று கேட்டார். அவ்வளவுதான் பேசினார். செயலாளர் அந்த இரண்டு பொட்டலத்தையும் வைத்தே மனுவை எழுதினார். பொருளை வரிக்காக வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண், இப்போதைய வரி, கேட்கும் வரி, காரணம் இரண்டு வரி. பட்ஜெட்டுக்கு முன் அனுப்பும் கோரிக்கைப் பட்டியலில் அது போனது.

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் சேவு, மிக்சருக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு மனுவால் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நாடு முழுக்க எத்தனையோ பேர் எத்தனையோ மனு போட்டிருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் தன் கடையில் உட்கார்ந்து புலம்பியிருந்தால் அது அந்தத் தெரு முனையைத் தாண்டியிருக்காது. ஒருவரின் குறையைப் பத்துப் பேர் குறையோடு சேர்த்து, அதிகாரிக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் எழுதுவதுதான் சங்கத்தின் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எல்லா மனுவும் ஜெயிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோவை வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம். உற்பத்தியாளர்கள் ஓயாமல் முறையிட்டார்கள். அதே வருடம் 12 ஆனது, 2019-ல் 5 ஆனது. 2022 ஜூலையில் ஒரே தாவாக 18-க்கு ஏறியது. திரும்பவும் மனுதான். சங்கத்தின் வேலை ஒரு வருடச் சந்தாவில் முடிகிற வேலை இல்லை.

இனி உங்கள் சென்னைப் பாக்கி. இதில் சட்டம் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் 2006-ன்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு எடுத்தவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. உங்களுக்கு வர வேண்டியதை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, அதைக் கொடுத்துத் தீர்க்கும் வருடத்தில்தான் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் நெருங்கும்போது இதை அவருடைய ஆடிட்டர் காதில் போட்டால், பல நேரம் வழக்கே வேண்டியிருக்காது.

இதில் சங்கம் எங்கே வருகிறது? முதல் கட்டம் ஒரு கடிதம். உங்கள் லெட்டர்பேடில் போகிற கடிதத்துக்கும், சங்கத்தின் லெட்டர்பேடில் ‘எங்கள் உறுப்பினருக்கு இத்தனை நாளாகப் பாக்கி இருப்பதாக அறிகிறோம்’ என்று போகிற கடிதத்துக்கும் மரியாதை வேறு. பாக்கி வைத்தவர் சென்னையில் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், சங்கத்துக்குச் சங்கம் ஒரு போன் பேசியே தீர்ந்த பாக்கிகளை நான் பார்த்திருக்கிறேன். வியாபாரிக்குத் தன் வட்டாரத்தில் பேர் கெடுவதைப் போல வேறு பயம் இல்லை. அதற்கும் அசையாவிட்டால், இந்தச் சட்டத்தின்படி பாக்கி வழக்குகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு. அதை ஆன்லைனிலேயே போடலாம். வாங்கியவர் சென்னையில் இருந்தாலும், சரக்கு கொடுத்தவர் இருக்கும் பகுதிக் கவுன்சிலே வழக்கை எடுக்கும். மதுரையிலேயே ஒன்று இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உத்யம் பதிவுக்குப் பிறகு அனுப்பிய சரக்குக்கே இந்தப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு 2021 முதல் உண்டு என்றாலும், அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். பாக்கி வசூலில் இந்தச் சட்டம் அவர்களுக்கு உதவாது. நீங்கள் தயாரிப்பவர் என்பதால் உங்களுக்கு உண்டு. சங்கத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் மளிகைக்கடைக்காரர் ‘அதெல்லாம் நடக்காது, நான் கேட்டுப் பார்த்துட்டேன்’ என்றால், அவர் விஷயம் வேறு, உங்கள் விஷயம் வேறு.

சிங்கப்பூர்க்காரர் கேட்பது ‘சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின்’. இந்தச் சரக்கு இந்தியாவில் தயாரானது என்று மூன்றாவது ஆள் ஒருவர் உறுதி சொல்லும் தாள். இதில் இரண்டு வகை. ஒப்பந்தம் உள்ள நாட்டில் இறக்குமதி வரிச் சலுகை வாங்கிக் கொடுப்பது ஒன்று. வெறுமனே பிறப்பிடத்தைச் சொல்வது இன்னொன்று. சிங்கப்பூரில் சேவுக்கு இறக்குமதி வரி கிடையாது என்பதால் உங்களுக்கு இரண்டாவதே போதும். அதை வழங்க மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டி.ஜி.எஃப்.டி. பல வர்த்தக சங்கங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் இருந்து விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான். ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி இறக்குமதி செய்வோருக்கான எண்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயாராக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இந்தச் சான்றுக்காக மட்டும் என்றால் உறுப்பினராக வேண்டிய அவசியமில்லை. முதல் தடவை எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் கிடைப்பார் பாருங்கள், சந்தாவுக்கு அது பெறும்.

எந்தச் சங்கம் என்று கேட்டால், பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஊர் வணிகர் சங்கம் பெரும்பாலும் கடைக்காரர்களுடையது. கடைத்தெரு சாக்கடை, லாரி நிறுத்தம், நகராட்சிக் கடை வாடகை மாதிரி உள்ளூர்க் காரியங்களில் அதற்குக் கை நீளம். வரி, ஏற்றுமதி, வங்கி என்று மாநிலத் தலைநகரத்திலும் டெல்லியிலும் பேச வேண்டியவற்றுக்குத் தொழில் வர்த்தக சங்கம் வேண்டும். உங்களுக்கு அருகில் மதுரையில் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் இருக்கிறது. 1924-ல் மதுரை–ராமநாதபுரம் வர்த்தக சங்கமாகத் தொடங்கியது. சாத்தூர் அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம்தான். அதற்கும் முன்னால், 1836-ல் தொடங்கிய சென்னை சேம்பர் வெள்ளைக்கார வியாபாரிகளின் கையில் இருந்தது. அங்கே நம்மவர் குரல் எடுபடாததால் 1909-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் தென்னிந்திய வர்த்தக சங்கம் எழுந்தது. ‘பெரிய ஆட்களின் இடம்’ என்று ஒதுங்காமல் தனக்கென ஒன்றைக் கட்டியவர்கள் நம் ஊரில் நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் உங்களுக்கு ரொம்ப முக்கியம் என்பேன்: ஒரே பொருளைத் தயாரிப்பவர்களின் சங்கம். பக்கத்துக் கோவில்பட்டியைப் பாருங்கள். கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்குத் தனி ஆள் யாரும் விண்ணப்பிக்க முடியாது; தயாரிப்பாளர்களின் சங்கமோ, அவர்களுக்காகப் பேசும் அமைப்போதான் முடியும் என்று சட்டமே சொல்கிறது. எத்தனை நல்ல மிட்டாய் போட்டாலும் ஒரு கடைக்காரர் தனியாகப் போய் ‘கோவில்பட்டி’ என்ற பெயரைக் காப்பாற்ற முடியாது. அதே வட்டாரத்துத் தீப்பெட்டிக்காரர்களும் வெளிநாட்டு மலிவு லைட்டர்களால் தொழில் படுத்தபோது சங்கம் சங்கமாகத்தான் டெல்லிக்கு நடந்தார்கள். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. சாத்தூர் என்றால் சேவு என்று தமிழ்நாடே சொல்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லாரும்.

ஊருக்கு என்ன என்பதையும் நான் பேசியாக வேண்டும். விருதுநகர்ப் பக்கத்து உங்களுக்கு மகமை என்றால் விளக்க வேண்டியதில்லை. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்து வைத்த காசில் பள்ளிக்கூடம் வந்தது, கிணறு வந்தது, சாவடி வந்தது. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளி. அது ஒரு சமூகத்தார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இன்றைய வர்த்தக சங்கம் சாதி கேட்காமல் தொழிலை வைத்து ஆள் சேர்க்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மகமை மனசு இல்லாத சங்கம் எனக்கு முழுச் சங்கமாகப் படவில்லை.

ஊரை மறந்தால் தொழிலுக்கே ஆபத்து என்பதற்குத் திருப்பூர் சாட்சி. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை விஷமானது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகள் மொத்தத்தையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஆலைக்காரர்கள் கூட்டாக நடத்திய பிறகுதான் தொழில் மூச்சு விட்டது. தனித்தனியாக அதைச் செய்ய ஒருவருக்கும் கட்டுப்படியாகியிருக்காது. அந்தக் கூட்டு முயற்சி பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனை தோட்டம் பிழைத்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். பழைய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் தொழிலிலும் இருக்கிறது. சேர்த்து எடுத்துப்போய் பயோடீசலுக்குக் கொடுக்க ஒரு வண்டி ஏற்பாடு செய்வதற்கு உங்கள் ஊரில் பத்துப் பட்டறை கூடினால் போதும்.

சந்தா கட்டும் முன் மூன்று தாள்கள் கேளுங்கள்: கடந்த வருடம் அனுப்பிய மனுக்களின் நகல், தணிக்கை செய்த வரவு செலவு, கடைசியாகத் தேர்தல் நடந்த அறிவிப்பு. காட்டத் தயங்கினால் யோசியுங்கள். உறுப்பினர் ஆகாமலே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். சின்னக் கடைக்காரர் எழுந்து பேசும்போது மேடையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். பெண்கள் எத்தனை பேர் நிர்வாகக் குழுவில் என்று பாருங்கள். ‘கிலோ இவ்வளவுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து கேட்டால் மட்டும் போடாதீர்கள். கூடிப் பேசி விலை வைப்பது 2002-ம் வருடப் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது, அபராதம் சங்கத்தோடு நிற்காது.

கூட்டத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சென்னைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டதற்கான பில் நகல்கள், லாரி ரசீது, அவர் வாட்ஸ்அப்பில் ‘அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்’ என்று எழுதியதன் பிரிண்ட், உத்யம் சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசி முடித்ததும் செயலாளர் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்க்கிறாரா என்று பாருங்கள். பார்த்தால் அன்றைக்கே சந்தாவைக் கட்டிவிடுங்கள்.